டிசம்பர் முதல் ஞாயிறு

திருத்தங்கல்
11.8.2024

அன்புள்ள மதினிக்கு,

நாத்தனார் யோகேஸ்வரி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் பிரீத்திகாவும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் ஹரிஷ்குமாரும் சுகமாக இருக்கிறீர்களா? அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இத்வாரி பஜார் கடையில் இந்த வருஷம் பட்டாசு ஆர்டர் எப்படி?

மேலே 2025 என்று போட்டு அடித்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிட்டால் எங்கள் பிரஸ்ஸில் இந்த வருஷத்தை ஒருத்தரும் மதிப்பதில்லை. நான் உட்கார்ந்து ராகு காலம், எமகண்டம் சரிபார்ப்பதெல்லாம் 2025 தாள்கள்தான். வீட்டுச் சுவரில் தொங்குவதும் அதன் சாம்பிள்தான்.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். போன் போட்டால் அண்ணன் உடனே, "யாரு, யோகேஸ்வரியா? ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். அப்புறம் நாக்பூர் வீடே கேட்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் உங்கள் போன் எந்நேரமும் ஹரிஷ் கையில். கவரில் போட்டால் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து அப்படியே உங்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். டிசம்பர் முதல் ஞாயிறு மதுரையில் மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம். நாற்பத்தைந்து வயதான பெண்கள் நாலு மணி பத்து நிமிஷத்துக்குள் ஓடி முடித்தால் பிப்ரவரியில் புனேயில் நடக்கிற அகில இந்திய மூத்தோர் மாரத்தானில் ஓடலாம். ஒரு நிமிஷம் கூடினாலும் கிடையாது. நான் ஒன்றரை வருஷமாக சிவகாசிக் குழுவோடு ஓடுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பிரீத்திகாவை வைத்துப் பெயர் கொடுத்துவிட்டேன். ஒரு பெயர் இல்லை, இரண்டு.

ஆமாம் மதினி, உங்கள் பெயரையும்தான். பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். உயரம், எடை கேட்டார்கள். எடையைக் கொஞ்சம் குறைத்தே போட்டேன்.

அந்தக் காலத்தில் மாவட்டத்தில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. நீங்கள் ஓட்டத்தை விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. எனக்குப் புனே கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் அந்தக் கோட்டில் வந்து நிற்கணும், அதுதான் எனக்கு முக்கியம். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அண்ணனிடம் இப்போது மூச்சு விடவேண்டாம். பொம்பளை ரோட்டில் ஓடுவதைப் பற்றி அவர் என் கல்யாணத்துக்கு முன்னால் சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சாத்தூர் சேவு ஒரு கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன். அண்ணனுக்கும் ஹரிஷுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்
யோகேஸ்வரி


நாக்பூர்
22.8.2024

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

மதினி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கடிதமும் சேவும் ஒரே நாளில் வந்தன. சேவு பாதி தூளாகி வந்தது, தூளையும் உன் அண்ணன் ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டார். சர்க்கரை நூற்று எண்பதில் நிற்கிறது. மாத்திரையை மறக்கிறார், பேடாவை மறப்பதில்லை.

இங்கே ஒரு வாரமாக மழை. துணி காயவில்லை. ஹரிஷுக்குக் கடைசி வருஷம் தொடங்கிவிட்டது. கடையில் லோடு இன்னும் வரவில்லை, அந்தக் கவலையில் உன் அண்ணன் யாரைப் பார்த்தாலும் சிடுசிடுக்கிறார். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாவுக்கு நம்ம ஊர்ப் புளிக்குழம்பு பிடித்துவிட்டது, வாரம் ஒருமுறை கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள்.

பிரீத்திகா படிப்பு முடிந்து வேலைக்குப் போகிறாளா? உன் வீட்டுக்காரரின் முதுகுவலி தேவலையா? உடம்பைப் பார்த்துக்கொள். எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
மதினி கற்பகவல்லி


திருத்தங்கல்
2.9.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சேவு வந்ததைச் சொன்னீர்கள், மழையைச் சொன்னீர்கள், மராத்திக்காரம்மாவின் கிண்ணத்தைக்கூடச் சொன்னீர்கள். நான் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. நானும் அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டேன். வர முடியாது என்றாவது எழுதியிருக்கலாம். திட்டி எழுதியிருந்தால்கூட இவ்வளவு வருத்தமாக இருக்காது.

சரி, என் கதையைச் சொல்கிறேன். காலையில் ஐந்து மணிக்கு செங்கமலநாச்சியார்புரம் ரோட்டில் ஓடுகிறேன். அந்த நேரத்தில்தான் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். முதல் வாரம் ஒரு வேன் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. "யக்கா, வண்டிய விட்டுட்டீகளா? ஏறுங்க, ஏறுங்க" என்று உள்ளேயிருந்து ஒரே சத்தம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறேனாம். இல்லை தாயி, சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். "சும்மா ஓடுதீகளா? யாரு தொரத்துதா?" என்று கேட்டார்கள். இப்போது பழகிவிட்டது. "யக்கா, இன்னைக்கு எம்புட்டு?" என்று கேட்பார்கள். பதினாறு என்றால் ஜன்னல் வழியாக ஒரு கைதட்டல் வரும். அந்தக் கைகளில் எல்லாம் அலுமினியப் பொடி மினுங்கும்.

நாம் ஓடிய ரோடுதான் அது. இப்போது அகலப்படுத்திவிட்டார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தால் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்போமே, நினைவிருக்கிறதா? நமக்கு இருந்தது ஒரே ஜோடி கான்வாஸ் ஷூ. திங்கள், புதன், வெள்ளி உனக்கு. மற்ற நாள் எனக்கு. உன் கால் சின்னது என்று நுனியில் காலண்டர் வேஸ்ட் பேப்பரைச் சுருட்டி அடைப்பாய். ஒருநாள் நீ ஷூவைக் கழற்றியபோது உள்ளங்காலில் முருகன் வேல் அப்படியே அச்சாகியிருந்தது. சாமி குத்தம் ஆகிவிடும் என்று அன்றைக்கு மலைக்கோயிலுக்குப் போய்த் தோப்புக்கரணம் போட்டோம். பிறகு ஒரு பன்னீர் சோடா வாங்கி இரண்டு பேர் குடித்தோம். முதலில் வந்தவளுக்கு முதல் பாதி என்று கணக்கு. நான் முதல் பாதி குடித்ததே இல்லை. எனக்கு எப்போதும் காற்றுப் போன பாதிதான். அந்த ருசி மாதிரி இன்றுவரை எதிலும் இல்லை.

பாருங்கள், ஓட்டம் என்று எழுத வந்தால் கை தானாக "நீ" என்று எழுதுகிறது. மன்னிக்கணும் மதினி.

பதில் எழுதுங்கள். பதிலாகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
யோகேஸ்வரி


நாக்பூர்
18.9.2024

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

நலம். நலமறிய ஆவல். பிள்ளையார் சதுர்த்தி இங்கே பத்து நாள். தெருவெல்லாம் மேளம், காது இன்னும் அடைத்துக் கிடக்கிறது. நேற்றுத்தான் எல்லாப் பிள்ளையாரையும் கரைத்தார்கள். அதனால் பதில் எழுதத் தாமதம்.

லோடு வந்துவிட்டது. உன் அண்ணன் முகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. ஹரிஷ் தலைமுடியை வளர்த்துக்கொண்டு திரிகிறான், அப்பாவுக்கும் மகனுக்கும் தினமும் அதில் ஒரு பஞ்சாயத்து.

உனக்குக் கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டதா? கறுத்திருந்தால் பிடுங்காதே, அதுவே விழும். இருபது கிலோமீட்டருக்கு மேல் போகும்போது லேஸை மேலே இறுக்கமாகவும் விரல் பக்கம் தளர்வாகவும் கட்டு. ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். தூரம் கூடக் கூடக் கால் வீங்கும். உள்தொடையில் வாசலின் தடவிக்கொள், இல்லாவிட்டால் குளிக்கும்போது எரியும்.

பிரீத்திகாவுக்கு ஒரு சுடிதார் துணி எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மதினி


திருத்தங்கல்
26.9.2024

அன்புள்ள மதினிக்கு,

மாட்டிக்கொண்டீர்கள். நாம் ஓடிய காலத்தில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை. நகம் கறுப்பதும் தொடை எரிவதும் இருபதுக்கு மேல் ஓடுகிறவளுக்குத்தான் தெரியும். எத்தனை நாளாக ஓடுகிறீர்கள்? பிரஸ் என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த இசைவாணி, "என்னக்கா, லெட்டர்ல ஜோக்கா போட்டுருக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று எழுதுகிறேன். போனில் இதை என்னால் சொல்ல முடியாது.

நாம் கல்லூரியில் இரண்டாம் வருஷம், தை மாதம். மாநில ஓட்டத்துக்கு மாவட்டத்தில் தேர்வானது நீங்கள் ஒருத்திதான். அதில் மூன்றுக்குள் வந்தால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரே பயம். வேலை கிடைத்தால் நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள், நான் இங்கே தனியாக இருப்பேன். அப்போதுதான் அண்ணனுக்குப் பெண் தேடினார்கள். கற்பகத்தைக் கேளுங்கள் என்று அம்மா காதில் போட்டதே நான்தான். அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டே காலண்டரை என் கையில் கொடுத்து, நிச்சயத்துக்கு நல்ல நாள் வாசிக்கச் சொன்னார். அந்த மாதத்தில் இரண்டு நாள் தோதாக இருந்தது. ஒன்று, திருச்சியில் உங்கள் ஓட்டம் நடக்கிற ஞாயிறு. இன்னொன்று அதற்கடுத்த வெள்ளி. நான் ஞாயிறை மட்டும் வாசித்தேன். வெள்ளியை வாசிக்கவில்லை. அப்பா அதையே குறித்துவிட்டார். அன்றைக்கு நீங்கள் பட்டுச்சேலையில் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். நான்தான் உங்களுக்குப் பூ வைத்தேன்.

பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தேன். ஒரே வருஷத்தில் அண்ணன் நாக்பூரில் கடை போட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வேலையில் இருந்தாலாவது லீவுக்கு வந்திருப்பாய்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் வந்து ஓடு.

யோகேஸ்வரி


திருத்தங்கல்
28.10.2024

அன்புள்ள மதினிக்கு,

நலம். நலமறிய ஆவல். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நேற்று அண்ணன் தீபாவளி வருகிறதே என்று போன் போட்டார். பின்னால் நீங்கள் தாளிக்கிற சத்தம் கேட்டது. "மதினி எங்க?" என்றேன். "அடுப்புல நிக்கா, அப்புறம் பேசுவா" என்றார். நீங்கள் பேசவில்லை.

சீசன் முடிந்து வேன்கள் குறைந்துவிட்டன. ரோடு எனக்கு மட்டும்தான். இருபத்தாறு கிலோமீட்டர் ஓடிவிட்டேன். நேரமும் சரியாக வருகிறது. ஆனால் ஓட ஓட, எதற்கு இதை எழுதித் தொலைத்தோம் என்றுதான் மனசு சொல்கிறது. ஒரு வெற்றுக் கவராவது அனுப்புங்கள்.

தீபாவளி வாழ்த்துகள்.

யோகேஸ்வரி


நாக்பூர்
6.11.2024

யோகேஸ்,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் ஒட்டிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமையும் நல்ல நாள் என்று எனக்கு அப்போதே தெரியும். எங்கள் வீட்டிலும் காலண்டர் இருந்ததடி. ஞாயிறு என்று சொல்லி ஆள் வந்ததும் நான்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கு மாற்றக் கேளுங்கள் என்று அப்பாவிடம் சொல்ல மூன்று தடவை முற்றத்துக்குப் போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீயும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. பழியை நீ மட்டும் சுமந்துகொண்டு அலைய வேண்டாம்.

ஆனால் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருந்தது. நீதான் நாள் வாசித்தாய் என்று உன் அம்மா பேச்சுவாக்கில் சொன்ன நாளிலிருந்து இருந்தது. உன் பிரசவத்துக்கு நான் வரவில்லையே, ஹரிஷுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னேனே. அம்மை இல்லை. ரயில் டிக்கெட் கையில் இருந்தது. உன்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வரவில்லை. பிரீத்திகாவைப் பிறந்த உடனே பார்க்கவில்லையே என்று பிறகு எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். உன் கடிதத்தில் நீயே எழுதிவிட்ட பிறகு, இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. அதனால்தான் போனுக்கு வரவில்லை.

இரண்டு வருஷமாக ஓடுகிறேன். டாக்டர் வாக்கிங் போகச் சொன்னார். அம்பாசரி ஏரிக்கரையில் ஒருநாள் மழை வந்து எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். மழை நின்ற பிறகு எல்லோரும் நின்றுவிட்டார்கள், நான் நிற்கவில்லை. அன்றிலிருந்து வீட்டைவிட்டுச் சேலையில் நடந்துபோவேன். பூங்காவில் உடை மாற்றிக்கொண்டு ஓடிவிட்டு, மறுபடி சேலையில் நடந்து வருவேன். உன் அண்ணனுக்கு நான் வாக்கிங் போகிறேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர் வரை போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மராத்திக்காரம்மாவோடு கோயிலுக்குப் போனதாகச் சொன்னேன்.

வருகிறேன். உன் அண்ணனிடம் சொல்ல ஒரு காரணம் மட்டும் நீ கண்டுபிடி. பொய் சொல்வதில் நீதான் முதலிடம்.

இன்னொன்று. கவரின் மேல் என்ன வேண்டுமானாலும் எழுது. உள்ளே மதினி என்று போடாதே. அம்மா போன பிறகு என்னைக் கற்பகம் என்று கூப்பிட ஒருத்தரும் இல்லை.

கற்பகம்


திருத்தங்கல்
12.11.2024

ஏட்டி கற்பகம்,

இந்த வரியை எழுதிவிட்டுப் பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன், தலைக்கனம் ஏறிவிடும். அம்மை போட்டதாகச் சொன்ன பொய்யை நம்பி வேப்பிலை பார்சல் அனுப்பினேனே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

காரணம் தயார். பிரீத்திகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், மதினி பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பு என்று அண்ணனுக்கு நானே போன் போடுகிறேன். மாப்பிள்ளைக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன், சூர்யபிரகாஷ். கோவில்பட்டி, பேங்க் வேலை. பிரீத்திகாவுக்குத்தான் கோபம். "பொய்யா பாக்கதுக்கு எதுக்கும்மா அம்புட்டு நல்ல மாப்ள?" என்கிறாள்.

ஏழாம் தேதி ஞாயிறு. நீ வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. இரண்டு பேருக்கும் ஒரே வேகம், கிலோமீட்டருக்கு ஐந்து நிமிஷம் ஐம்பது விநாடி. கடைசிவரை சேர்ந்தே ஓடுவோம்.

யோகேஸ்


நாக்பூர்
20.11.2024

யோகேஸ்,

நலம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதுரையில் இறங்குகிறேன். உன் அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கடையைப் பார்க்க ஆள் இல்லை, நீ மட்டும் போய் வா என்றார். எனக்கே ஆச்சரியம்.

ஏழாம் தேதி ஞாயிறு என்று எழுதியிருக்கிறாய். ஓட்டம் டிசம்பர் முதல் தேதியடி. ஏழு சனிக்கிழமை. நீ கடிதத்துக்குத் தேதி போடுகிற லட்சணம் எனக்குத் தெரியும், அதனால் சிரித்துவிட்டு விட்டேன். கடைசி இரண்டு வாரம் காலை ரொம்ப வதைக்காதே. பத்து கிலோமீட்டர் போதும்.

கற்பகம்


திருத்தங்கல்
24.11.2024

ஏட்டி கற்பகம்,

இன்றைக்குக் காலையில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினேன். விருதுநகர் போய்த் திரும்பி ஆமத்தூர் வரை. அங்கே என் வீட்டுக்காரர் பைக்கோடு நின்றார். ஏறி உட்காரக் காலைத் தூக்க முடியவில்லை, அவர்தான் தூக்கி வைத்தார். "இருபத்திரண்டு வருசத்துல இன்னைக்குத்தான் ஒன் கால நான் புடிச்சிருக்கேன்" என்றார். மாடிப்படி ஏற முடியவில்லை, கீழேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் கவலை இல்லை. ஏழாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. கால் தேறிவிடும்.

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. டிக்கெட் கிடைத்ததா?

யோகேஸ்


திருத்தங்கல்
7.12.2024, சனிக்கிழமை

ஏட்டி கற்பகம்,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் கால் வீங்கியதா?

இன்றைக்குத்தான் என்னுடைய ஏழாம் தேதி. நேரில் உன்னிடம் பாதிதான் சொன்னேன், சிரித்தே நேரம் போய்விட்டது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரஸ்ஸுக்கு வந்தது. டிபனைத் திறந்துவைத்துக்கொண்டு வாசித்தேன். முதல் தேதி என்றதும் நீதான் தப்பாக எழுதியிருக்கிறாய் என்று நினைத்து நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். டிசம்பர் ஏழு, ஞாயிறு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே 2025 என்று அதைவிடக் கொட்டை எழுத்தில் இருந்தது. முதல் ஞாயிறு என்று கேள்விப்பட்ட அன்றே அதைப் பார்த்துத்தான் ஏழு என்று மனசில் போட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் நாள் பார்த்துச் சொல்கிறவள் என் நாளைக் கோட்டைவிட்டேன். பிரீத்திகாவிடம் கேட்டால், "பதியும்போதே சொன்னேனேம்மா, நீ எங்க கேட்ட" என்கிறாள்.

ஐந்து நாளில் கால் தேறவில்லை. தேறாது என்று எனக்கும் தெரியும். உன்னிடம் சொன்னால் நீயும் மெதுவாக ஓடுவாய் என்று சொல்லவில்லை. இருபது வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்றில், ரிங் ரோட்டில் அந்த டயர் கடைக்கு முன்னால் தொடை கட்டையாகிவிட்டது. நீயும் நின்றுவிட்டாய். "நடந்தே போவம், சேர்ந்து வந்தோம்லா" என்றாய். நான் உன்னைத் திட்டியது கொஞ்சம் அதிகம்தான். "நடக்கதுக்கா நாக்பூர்ல இருந்து வந்த? போட்டி. நின்னேன்னா அறைஞ்சிருவேன்" என்று நான் கத்தியதில் தண்ணீர் கொடுக்க நின்ற பையன் பயந்துபோனான்.

நீ போன பிறகு என்ன செய்தேன் என்று கேட்டாயே. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் ஐம்பது அடி தயங்கித் தயங்கிப் போனாய். பிறகு உன் தோள் இறங்கியது, கை தாழ்ந்தது, கல்லூரியில் கடைசிச் சுற்றில் ஓடுவாயே, அந்த ஓட்டம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வாசிக்காமல் விட்ட வெள்ளிக்கிழமையை இன்றைக்கு வாசித்துவிட்டேன் என்று தோன்றியது. அந்த டயர் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். கடைக்காரர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அப்புறம் எழுந்து நடந்தும் ஓடியும் வந்து சேர்ந்தேன். நாலு மணி நாற்பத்தொன்று. எனக்குப் புனே இல்லை. வருத்தம் இல்லையா என்றால் இருக்கிறது, ஒன்றரை வருஷ உழைப்பு. ஆனால் போர்டில் உன் பெயருக்கு எதிரே நாலு மணி எட்டு நிமிஷம் என்று பார்த்தபோது அந்த வருத்தம் எங்கேயோ போய்விட்டது.

இனி அண்ணனிடம் புனேயைச் சொல்லணும். அதற்குப் பொய் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பேர் உறுதி செய்ய மாதக் கடைசிதான் கெடு. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

யோகேஸ்


உ
நாக்பூர்
18.12.2024

சௌபாக்கியவதி தங்கை யோகேஸ்வரிக்கு அண்ணன் அய்யாதுரை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் க்ஷேமம். அங்கு உன் க்ஷேமத்துக்கும் மாப்பிள்ளை, பிரீத்திகா க்ஷேமத்துக்கும் எழுதவும்.

நான் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கடை லெட்டர்பேடில் எழுதுகிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வராது.

பெண் பார்த்த விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. தாய்மாமன் இல்லாமல் எந்த வீட்டிலாவது பெண் பார்ப்பார்களா? மதினியை அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணா நீங்களும் வரணும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே தெரிந்துகொண்டேன். அம்புட்டு மடையன் இல்லை நான். கடையில் ஆள் இல்லை என்று நானும் ஒரு பொய் சொல்லி அனுப்பிவைத்தேன்.

உன் மதினி வாக்கிங் போவதாகச் சொல்லிக் காலையில் கதவைச் சாத்துகிற சத்தம் இரண்டு வருஷமாக எனக்குக் கேட்கிறது. வாக்கிங் போகிறவர்கள் நடந்து களைத்து வருவார்கள். இவள் சிரித்த முகமாக வந்து காபி போடுவாள். ஒருநாள் சந்தேகத்தில் பின்னாலேயே போனேன். ஏரி முனையில் வாட்ச்மேனைக் கேட்டேன், "அந்த அம்மாவா, அவங்க வேகத்துக்கு எங்க பசங்களே ஓட முடியாது" என்று இந்தியில் சொன்னான். அதற்குமேல் நான் போகவில்லை. என்னைக் கண்டால் நின்றுவிடுவாள். நின்றால் பிறகு போகமாட்டாள். அப்படியே திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

பொம்பளை ரோட்டில் ஓடுவதாவது என்று உன்னைத் திட்டியவன் நான்தான். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவள் இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். நிச்சயத்தன்று அவளுக்குத் திருச்சியில் ஓட்டம் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகும் அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பதினைந்து நாளாகப் புனே விஷயத்தை என்னிடம் சொல்ல வருகிறாள், தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறாள். பிரீத்திகாதான் எனக்கு எல்லாம் மெசேஜ் போட்டாள், அவளைத் திட்டாதே. இன்று காலை நானே, "புனேக்கு ரெண்டு டிக்கெட் போட்டுருக்கேன்" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள் அரை மணி நேரம் வரவில்லை. சோறு குழைந்துவிட்டது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறேன். நீ ஓடாவிட்டால் என்ன, வா. எனக்கு இந்த விஷயம் ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் கற்பகவல்லி ஓடி நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் எந்த இடத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று விவரமாக எழுது.

இப்படிக்கு,
அய்யாதுரை